பீரோவில் இருக்கும் கேமராவே நல்ல வெப்கேம்: வீடியோ அழைப்புக்கு முழுமையான வழிகாட்டி

கல்யாணத்துக்காகவோ சுற்றுலாவுக்காகவோ ஆசையாக வாங்கிய டிஎஸ்எல்ஆர் கேமரா சென்னையின் பல வீடுகளில் பீரோவுக்குள் இருக்கிறது. கைபேசியிலேயே படம் எடுக்கப் பழகிய பிறகு அதை யாரும் வெளியே எடுப்பதில்லை. அதே வீட்டில் ஒருவர் வேலைக்கான நேர்காணலில், மங்கிய முகத்துடன், புள்ளி புள்ளியான படத்தில் பேசிக்கொண்டிருக்கிறார். மயிலாப்பூரில் ஒரு வீணை ஆசிரியை காலை ஆறு மணிக்கு, அங்கே முந்தைய நாள் இரவாக இருக்கும் நியூஜெர்சி மாணவிக்குப் பாடம் எடுக்கிறார். விரல் தந்தியை எவ்வளவு இழுக்கிறது என்பது அந்தக் குழந்தைக்குத் தெரிவதில்லை. இவர்கள் இருவருக்கும் தேவையான கருவி வீட்டிலேயே இருக்கிறது. புது வெப்கேம் வாங்கப் பணத்தை எடுப்பதற்கு முன் அதை ஒருமுறை மேசைக்குக் கொண்டுவாருங்கள்.

அப்படி என்ன பெரிய வித்தியாசம் என்றால், முதல் காரணம், லென்ஸ் வழியே வரும் ஒளியைப் படமாக மாற்றும் சென்சாரின் பரப்பளவு. கேனான் 1500டி போன்ற தொடக்கநிலை கேமராவில்கூட சென்சார் 22.3 மி.மீ. அகலமும் 14.9 மி.மீ. உயரமும் கொண்டது. மடிக்கணினி மூடியில் பொருத்தும் கால் அங்குல வகைச் சென்சாரைவிட இது முப்பது மடங்குக்கும் மேல் பெரியது. அந்த அளவுக்கு வெளிச்சத்தை வாங்கிக்கொள்வதால் குழல் விளக்கு ஒன்று மட்டும் எரியும் அறையிலும் தோலின் நிறம் தோலின் நிறமாகத் தெரியும். '4கே', '1080' என்று படத்தின் நுணுக்கத்தைச் சொல்லும் எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரும்பாலான அழைப்புச் செயலிகள் 720 வரிப் படத்தையோ அதற்கும் குறைவானதையோதான் அனுப்புகின்றன. அந்த 720 வரிகளுக்குள் வந்து சேரும் படத்தின் தரத்தைத் தீர்மானிப்பவை சென்சார், லென்ஸ், வெளிச்சம் ஆகிய மூன்றும்தான்.

முதல் வேலை: உங்கள் கேமராவுக்கு எந்த வழி?

கேமராவிலிருந்து கணினிக்குப் படம் போக மூன்று வழிகள் உண்டு. எது உங்களுடையது என்று தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள்.

முதலாவது, ஒன்றும் நிறுவத் தேவையில்லாத வழி. சோனி இசட்வி-இ10 போன்ற புதிய மாடல்களின் மெனுவில் 'யுஎஸ்பி ஸ்ட்ரீமிங்' இருக்கும். கம்பியைச் செருகியதும் கணினி அதை வெப்கேமாகவே எடுத்துக்கொள்ளும். மின்சாரமும் அதே கம்பியில் வந்துவிடும். உங்களுடையது இந்த வகை என்றால் நேராக 'கேமராவை எங்கே வைப்பது?' என்ற பகுதிக்குப் போய்விடலாம்.

இரண்டாவது, தயாரிப்பாளரின் இலவச மென்பொருள். 2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் வெப்கேம்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது கேனான், ஃபியூஜிஃபிலிம், நிக்கான், சோனி ஆகிய நிறுவனங்கள் அடுத்தடுத்து இவற்றை வெளியிட்டன. கேனானுடையது 'இஓஎஸ் வெப்கேம் யுட்டிலிட்டி', நிக்கானுடையது 'வெப்கேம் யுட்டிலிட்டி', சோனியுடையது 'இமேஜிங் எட்ஜ் வெப்கேம்', ஃபியூஜியுடையது 'எக்ஸ் வெப்கேம்'. சாதாரண யுஎஸ்பி கம்பி போதும், செலவே இல்லை. ஆனால் ஆதரவுப் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேனான் 1300டி, 1500டி, 200டி மார்க் 2 ஆகியவை பட்டியலில் உண்டு. நிக்கான் டி5600 உண்டு, டி3500 இல்லை. சோனி ஏ6400 உண்டு, ஏ6000 இல்லை. படத்தின் அளவிலும் வரம்பு உண்டு: கேனானின் இலவசப் பதிப்பு 720 வரிகள் தரும், சோனியின் மென்பொருள் 1024 × 576 மட்டுமே தரும். குடும்ப அழைப்புக்கும் அலுவலகக் கூட்டத்துக்கும் இது தாராளமாகப் போதும். இந்த மென்பொருள்கள் பொதுவாக ஒலியைக் கடத்துவதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எச்டிஎம்ஐ வழி. கேமரா தொலைக்காட்சிக்கு அனுப்பும் படத்தை 'கேப்ச்சர் கார்டு' என்ற சிறு கருவி வாங்கி, யுஎஸ்பி வழியாகக் கணினிக்குக் கொடுக்கும். படத்தின் தரம் இதில்தான் அதிகம். வீணை, மிருதங்கம், தையல், ஓவியம் என்று கை வேலையைக் காட்டிக் கற்றுத்தருபவர்களுக்கு இந்த வழியையே பரிந்துரைக்கிறேன்.

எச்டிஎம்ஐ வழியைத் தேர்ந்தெடுத்தால் கேப்ச்சர் கார்டு வாங்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். எச்டிஎம்ஐ கம்பி எப்படியும் வேண்டும். அதை மட்டும் முதலில் வாங்கி, கேமராவை வீட்டுத் தொலைக்காட்சியில் செருகி, வீடியோ முறையில் வைத்து, நாற்பது நிமிடம் விட்டுவிடுங்கள். மூன்று விஷயங்கள் தெரிந்துவிடும். லென்ஸ் அந்த நொடி பார்ப்பதை அப்படியே காட்டும் நேரடிக் காட்சி வருகிறதா? பல சிறிய காம்பாக்ட் கேமராக்கள் ஏற்கெனவே எடுத்த படங்களை மட்டுமே தொலைக்காட்சியில் காட்டும். அப்படியானால் முயற்சியை அங்கேயே நிறுத்திவிடலாம். பேட்டரி அளவு, ஃபோகஸ் சதுரம், ஷட்டர் எண் போன்றவை திரையில் தெரிகின்றனவா? தெரிந்தால் மெனுவில் அவற்றை நீக்கும் வழி இருக்கிறதா என்று தேடுங்கள். சோனியில் 'எச்டிஎம்ஐ இன்ஃபோ டிஸ்ப்ளே' என்பதை அணைக்க வேண்டும். சில நிக்கான் மாடல்களில் எச்டிஎம்ஐ பகுதிக்குள் 'அட்வான்ஸ்டு' என்ற இடத்தில் இருக்கும். சில தொடக்கநிலை கேனான்களில் அந்த வசதி மெனுவிலேயே இல்லை. அவற்றுக்கு இரண்டாவது வழிதான் சரி. மூன்றாவதாக, அரை மணி நேரத்தில் கேமரா தானாக அணைகிறதா என்று கவனியுங்கள். அணைந்தால் 'ஆட்டோ பவர் ஆஃப்' என்பதை நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். பல கேமராக்களில் 29 நிமிடம் 59 நொடி என்ற வரம்பு பதிவுக்கு மட்டும்தான். நாம் பதிவு செய்யப்போவதில்லை என்பதால் அது பெரும்பாலும் குறுக்கே வராது.

என்ன வாங்க வேண்டும்?

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இவை எல்லாமே கிடைக்கும். ஆனால் கேமராவைக் கையோடு எடுத்துப் போங்கள். கேமராவின் எச்டிஎம்ஐ துளை தொலைக்காட்சியில் இருப்பதுபோல் பெரிதாக இருக்காது. 1500டி, 200டி மார்க் 2, டி5600 ஆகியவற்றில் 'மினி'. சோனி ஏ6000, ஏ6400 ஆகியவற்றில் அதைவிடச் சிறிய 'மைக்ரோ'. இரண்டும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். கடையிலேயே செருகிப் பார்த்து வாங்குவதுதான் ஒரே வழி. யுஎஸ்பி கம்பி வாங்கினால் தகவலும் போகும் கம்பியா என்று கேளுங்கள். சார்ஜ் மட்டும் செய்யும் கம்பிகள் ஏராளம். அவற்றைச் செருகினால் கணினிக்குக் கேமரா இருப்பதே தெரியாது.

கேப்ச்சர் கார்டில், விரல் நீளத்துக்கு வரும் மலிவான யுஎஸ்பி 2.0 வகையே அழைப்புக்குப் போதும் என்பது என் கருத்து. அதன் வரம்பைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். யுஎஸ்பி 2.0 வழியாக நொடிக்கு அதிகபட்சம் 480 மெகாபிட் போகும். 1080 வரிப் படத்தை நொடிக்கு 30 சட்டங்களாக (ஃபிரேம்களாக) அப்படியே அனுப்ப ஏறக்குறைய 1000 மெகாபிட் வேண்டும். ஆகவே அந்தக் கருவி படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். நிறத்தில் சிறு இழப்பு இருக்கும், அழைப்பில் அது கண்ணில் படாது. பெட்டியில் '4கே' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், அது உள்ளே வாங்கிக்கொள்ளும் அளவு. கணினிக்கு வெளியே தருவது 1080தான். பாடங்களைப் பதிவு செய்து விற்கும் எண்ணம் இருப்பவர்கள் மட்டும் யுஎஸ்பி 3.0 வகைக்குச் செலவு செய்யட்டும்.

மின்சாரம்: இதில் சிக்கனம் வேண்டாம்

கேமராவின் பேட்டரி விட்டு விட்டுப் படம் எடுப்பதற்காக அளவிடப்பட்டது. நேரடிக் காட்சி தொடர்ந்து ஓடினால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடலாம். நேர்காணலின் நடுவில் திரை கறுப்பாவதைவிட மோசமான அனுபவம் கிடையாது. அதற்குத் தீர்வு 'டம்மி பேட்டரி'. பேட்டரியின் வடிவிலேயே இருக்கும் வெற்றுக் கூடு. அதிலிருந்து ஒரு கம்பி வெளியே வந்து அடாப்டரில் சேரும். பேட்டரி மூடியின் ஓரத்தில் சிறு ரப்பர் அடைப்பு இருக்கும். கம்பியை அதன் வழியே வெளியே விட்டால் மூடி முழுதாக மூடிக்கொள்ளும். மூடி சரியாக மூடாவிட்டால் கேமரா இயங்காது.

கடையில் கேமராவின் பெயரைவிட பேட்டரியின் பெயரைச் சொல்லிக் கேட்பது பாதுகாப்பானது. 1300டி, 1500டி என்றால் எல்பி-இ10. 200டி மார்க் 2 என்றால் எல்பி-இ17. நிக்கான் டி3500, டி5600 என்றால் இஎன்-இஎல்14ஏ. சோனி ஏ6000, ஏ6400, இசட்வி-இ10 என்றால் என்பி-எஃப்டபிள்யூ50. இவை எல்லாம் 7.2 அல்லது 7.4 வோல்ட் பேட்டரிகள். பெயரே இல்லாத அடாப்டரை இவற்றில் சேர்க்காதீர்கள். மின்னழுத்தம் தாறுமாறாக வந்தால் போவது கேமராவின் மதர்போர்டு. தயாரிப்பாளருடையது விலை அதிகம் என்றால், உத்தரவாதம் தரும் வேறு நிறுவனத்தின் பொருளையாவது வாங்குங்கள்.

சென்னையில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மின்வெட்டு வந்தால் மடிக்கணினி தன் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். டம்மி பேட்டரியில் இருக்கும் கேமரா அந்த நொடியே அணைந்துவிடும், வைஃபை ரூட்டரும் கூடவே போகும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் இணைப்புள்ள சுவர்ப்புள்ளியில் கேமரா அடாப்டரையும் ரூட்டரையும் செருகுங்கள். இல்லாவிட்டால் முழுதாக ஏற்றிய அசல் பேட்டரியை மேசை மேலேயே வைத்திருங்கள். கணினியின் சொந்த வெப்கேமுக்கு மாறிப் பேச்சைத் தொடர்ந்துகொண்டே அதை மாற்றிவிடலாம்.

கேமராவை எங்கே வைப்பது?

லென்ஸ் உங்கள் கண் உயரத்தில், திரையின் மேல் விளிம்புக்குச் சற்று மேலே, திரைக்கு நேர் பின்னால் இருக்க வேண்டும். கேமரா பக்கவாட்டில் இருந்தால் எதிரில் இருப்பவருக்கு நீங்கள் வேறு யாரையோ பார்த்துப் பேசுவதுபோல் தோன்றும். நேர்காணலில் இது உண்மையிலேயே பாதிக்கும். சின்ன டிரைபாட் ஒன்றை மேசையின் பின்புறமோ அலமாரித் தட்டிலோ வைக்கலாம். கம்பியின் எடை கேமராவின் துளையில் தொங்கக் கூடாது. கம்பியை டிரைபாட் காலில் ஒருமுறை சுற்றிக் கட்டிவிடுங்கள். இந்தத் தொங்கலால் எச்டிஎம்ஐ துளை உடைந்துவிடலாம்.

எந்த லென்ஸ் என்று கேட்டால், கேமராவோடு வந்த 18-55 லென்ஸே போதும். நம் அடுக்குமாடி வீடுகளின் அறை அளவுக்கு அதுதான் பொருத்தம். ஒரு மீட்டர் தூரத்தில் 35 மி.மீ.யில் வைத்தால் சுமார் 64 செ.மீ. அகலம் படத்துக்குள் வரும். தலையும் தோளும் அடங்கிவிடும். வீணையும் இரண்டு கைகளும் வர வேண்டும் என்றால் 18 மி.மீ.க்கு இறங்கி, ஒன்றரை மீட்டர் பின்னால் தள்ளி வையுங்கள்.

பின்புலம் அழகாக மங்கலாக வேண்டும் என்று துளை அகலமாகத் திறக்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டுபவர்கள் அதன் விலையை உணர வேண்டும். அதே 64 செ.மீ. அகலத்துக்கு ஏறக்குறைய 1.4 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். முழுதாகத் திறந்தால் தெளிவாக இருக்கும் ஆழம் 5 செ.மீ. அளவுதான், நாற்காலியில் சாய்ந்தாலே கண்கள் கலங்கலாகிவிடும். 35 மி.மீ., எஃப் 5.6 என்றால் 17 செ.மீ. கிடைக்கும். மனிதர் அசைந்து பேசும் இடத்தில் அந்த 17 செ.மீ. தரும் நிம்மதி பெரிது.

கேமரா அமைப்புகள்: எல்லாவற்றையும் பூட்டிவிடுங்கள்

ஆட்டோவில் விட்டால் நீங்கள் கையை அசைக்கும்போதெல்லாம் படம் இருண்டு வெளுக்கும், முகம் மஞ்சளாகி நீலமாகும். டயலை வீடியோ முறையில் வைத்து, வெளிப்பாட்டை (எவ்வளவு ஒளி பதிய வேண்டும் என்பதை) 'மேனுவல்' ஆக்குங்கள்.

ஷட்டர், அதாவது ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒளி விழும் நேரம், 1/50 அல்லது 1/100 நொடி. வேறு எண் வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. 1/100 என்றால் ஒரு முழுத் துடிப்பு, 1/50 என்றால் இரண்டு முழுத் துடிப்புகள் ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் அடங்கும். அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து 1/60 வைப்பவர்களின் படத்தில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள் ஊர்வதற்கு இதுவே காரணம். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். மெனுவில் 'பால்', 'என்டிஎஸ்சி' என்று கேட்டால் 'பால்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

லென்ஸ் துளை எஃப் 5.6, ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 800 முதல் 1600. முகம் இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓவை ஏற்றும் முன் விளக்கை அருகே கொண்டுவாருங்கள். நிறம் மாறாமலிருக்க வெள்ளைச் சமநிலையைப் (ஒயிட் பேலன்ஸ்) பூட்ட, நீங்கள் உட்காரும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் படமெடுத்து, 'கஸ்டம்' அமைப்பாக அதைக் கொடுங்கள்.

உள்ளே கண்ணாடி இல்லாத புதிய மிரர்லெஸ் கேமராக்களின் முகம் தேடும் ஃபோகஸை நம்பலாம். பழைய டிஎஸ்எல்ஆரில் நம்பாதீர்கள். அது நேரடிக் காட்சியில் முன்னும் பின்னுமாகத் தேடும், மோட்டார் சத்தமும் கேட்கும். நாற்காலியின் இடத்தைத் தரையில் நாடா ஒட்டிக் குறித்துக்கொண்டு, வீட்டில் ஒருவரை உட்காரவைத்து, திரையைப் பெரிதாக்கி, கண் இமையில் ஃபோகஸ் செய்து, லென்ஸின் பொத்தானை 'எம்எஃப்' பக்கம் தள்ளிவிடுங்கள். அதற்குப் பிறகு லென்ஸைத் தொடாதீர்கள்.

ஷட்டர் தேய்ந்துவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். நேரடிக் காட்சியில் ஷட்டர் தொடக்கத்தில் திறந்து அப்படியே நிற்கிறது; மணிக்கணக்கில் ஓடினாலும் ஒவ்வொரு சட்டத்துக்கும் அடித்து மூடுவதில்லை. கவனிக்க வேண்டியது வெப்பம். பல கேமராக்களுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் இயங்கு வெப்பநிலை 40 டிகிரி வரைதான். மே மாதச் சென்னை அந்த எண்ணைச் சாதாரணமாகத் தொடும். வெளியீட்டை 4கேயில் வைக்காதீர்கள், அட்டையில் பதிவு செய்யாதீர்கள், மடக்குத் திரை இருந்தால் உடலிலிருந்து பிரித்து வையுங்கள். வெப்ப எச்சரிக்கை வந்தால் அணைத்துவிட்டு ஆறவிடுங்கள்.

வெளிச்சம்

ஜன்னல் உங்களுக்கு எதிரே இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் அல்ல. இந்த ஒரு மாற்றம் புது லென்ஸ் வாங்குவதைவிட அதிகப் பலன் தரும். விடியற்காலை வகுப்புகளுக்கும் இரவு நேர அலுவலக அழைப்புகளுக்கும் ஜன்னல் உதவாது. அப்போது எல்இடி விளக்கு ஒன்றை முன்னால், பக்கவாட்டில் 45 டிகிரியில், கண்ணுக்கு மேல் உயரத்தில் வையுங்கள். முகத்தில் நேராக அடிக்காமல் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும்படி வைத்தால் நெற்றியில் எண்ணெய்ப் பளபளப்பு தெரியாது. வெள்ளை விளக்கும் மஞ்சள் விளக்கும் ஒரே நேரத்தில் எரியக் கூடாது. ஏதாவது ஒரு வகையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளுக்கே உரிய தொல்லை மின்விசிறி. விளக்கு மின்விசிறிக்கு மேலே இருந்தால் இறக்கைகளின் நிழல் முகத்தில் வெட்டி வெட்டி ஓடும்; எந்த ஷட்டர் எண்ணும் அதைச் சரிசெய்யாது. அந்த விளக்கை அணைத்துவிட்டு முன் விளக்கை மட்டும் எரியவிடுங்கள்.

கணினியில் செய்ய வேண்டியவை

மென்பொருளை நிறுவி, கணினியை ஒருமுறை அணைத்து இயக்கி, கேமராவின் வைஃபையை நிறுத்திவிட்டுக் கம்பியைச் செருகுங்கள். கேனான் வைத்திருப்பவர்கள் அதன் மற்றொரு மென்பொருளான 'இஓஎஸ் யுட்டிலிட்டி' திறந்திருந்தால் மூடுங்கள். இரண்டும் ஒரே கேமராவுக்குப் போட்டியிடும். கேப்ச்சர் கார்டுக்கு எதுவும் நிறுவ வேண்டாம். அழைப்புச் செயலியின் வீடியோ பகுதியில் கேமராவின் (கார்டு என்றால் அதன்) பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஜூமில் 'எச்டி' என்ற கட்டத்தில் குறியிடுங்கள். 'லோ லைட்' சரிசெய்தலை அணையுங்கள். இருவர் பேசும் அழைப்பில் 720 வரிப் படத்துக்கு நொடிக்குச் சுமார் 1.2 மெகாபிட் மேலேற்ற வேகம் தேவை.

வீணையின் விரல்களை ஒரு கேமராவும் முகத்தை இன்னொரு கேமராவுமாகக் காட்ட விரும்பினால், ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளில் இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் வைத்து, 'விர்ச்சுவல் கேமரா' வழியாக ஜூமுக்குக் கொடுக்கலாம். லினக்ஸ் பயனர்களுக்கு ஜிஃபோட்டோ2, வி4எல்2லூப்பேக் ஆகிய இரண்டு மென்பொருள்களும் சேர்ந்து கேமராவை வெப்கேமாக மாற்றித் தரும்.

ஒலியைக் கேமராவிடம் விடாதீர்கள். காலர் மைக்கோ கம்பியுள்ள இயர்போனோ எப்போதும் மேல். எச்டிஎம்ஐ வழியில் படம் ஒரு கணம் தாமதமாக வரும். கேமரா முன் கைதட்டிப் பதிவு செய்து பார்த்தால் உதடும் ஒலியும் எவ்வளவு விலகுகின்றன என்பது தெரியும். பேச்சுக்குப் பெரும்பாலும் பாதிப்பில்லை. இசை ஆசிரியர்கள் ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதை இயக்க மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் தம்பூராவின் நீண்ட ஒலியை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து ஜூம் வெட்டிவிடும்.

படம் வராவிட்டால்

திரை கறுப்பாக இருந்தால் வேறு செயலி கேமராவைப் பிடித்துவைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிரவுசரில் திறந்து மறந்த கூகுள் மீட் பக்கமே போதும். பல கணினிகளில் ஒரு கேமராவை ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் பயன்படுத்த முடியும். அதுவும் இல்லை என்றால் கம்பியை மாற்றுங்கள். பிறகு யுஎஸ்பி ஹப்பை விலக்கி நேராகக் கணினியில் செருகுங்கள். படம் விட்டு விட்டு வந்தால் பெரும்பாலும் ஹப்தான் காரணம். ஆப்பிள் கணினியில் சிஸ்டம் அமைப்புகளுக்குள் கேமரா அனுமதியைத் தர வேண்டியிருக்கும்.

அழைப்பு முடிந்த பிறகு

கேமராவை அணைத்து, பிறகு அடாப்டரைக் கழற்றி, லென்ஸ் மூடியைப் போடுங்கள். காலை வெயில் நேராக விழும் ஜன்னலைப் பார்த்தபடி லென்ஸைத் திறந்து விட்டுவைக்காதீர்கள்; குவிந்த வெயில் சென்சாரைக் கெடுக்கும். லென்ஸைப் பூஞ்சை பிடிக்கும் என்ற பயத்தில் மறுபடி தோல் பைக்குள் வைத்துப் பீரோவில் பூட்ட வேண்டாம். இருட்டும் அசையாத ஈரக் காற்றும் இருக்கும் இடத்தில்தான் பூஞ்சை வளர்கிறது. தினமும் வெளிச்சத்தில் இயங்கும் லென்ஸுக்கு அந்த ஆபத்து குறைவு. திருவான்மியூர், பெசன்ட் நகர் போலக் கடலை ஒட்டி வசிப்பவர்கள் வாரம் ஒருமுறை உலர்ந்த மெல்லிய துணியால் உப்புப் படிவைத் துடைத்துவிடுங்கள். மார்கழிப் பனியிலும் ஐப்பசி மழையிலும் மட்டும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தினால் மீண்டும் பயன்படும்.